ஆச்சிக்கு எழுதிய மனு

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு என்று தொல்காப்பியம் நடத்தும்போது தமிழம்மா சொன்னார்கள். தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான். நிகரானவனிடம் 'தா' என்பான். தாழ்ந்தவனிடம் 'கொடு' என்பான். "இன்று எல்லாரிடமும் 'கொடு' என்றுதானே கேட்கிறோம்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழ, வகுப்பே சிரித்தது. ஆனால் எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு மனு எழுத உட்கார்ந்தபோது, அந்தப் பழைய இலக்கணம் இன்னும் உயிரோடிருப்பதைக் கண்டேன்.

ஆச்சியின் கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உதவித்தொகை கேட்டு முன்பே ஒரு மனு கொடுத்திருந்தார்கள். யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. 'கருணைக் கடலாகிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கி முக்கால் பக்கம் புகழுரை! அதன் பிறகு, ஆச்சி சொன்னதைச் சொன்னபடியே, 'என் கணவர் போய்விட்டபடியால்' என்று ஒரு வரி. "எங்கே போனார்?" என்று அலுவலகத்தில் கேட்டார்களாம்.

தோழியரே, சிரிக்காதீர்கள். ஆதரவற்ற விதவையருக்கான உதவித்தொகைத் திட்டம் நம் மாநிலத்தில் 1975இல் தொடங்கியது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான திட்டம் 1986இல் வந்தது. இரண்டும் வேறு வேறு. 'போய்விட்டார்' என்றால் மனுவை எந்தக் கட்டில் சேர்ப்பது?

ஆச்சியோ "அவுக போயிட்டாக" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். தமிழில்தான் இதற்கு எத்தனை சொற்கள்! காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார். சுவரொட்டிக்கு ஒன்று, இரங்கற்பாவுக்கு ஒன்று. மனுவுக்கு 'இறந்துவிட்டார்' என்பதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது. இறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையும் சேர்த்து எழுதினேன்.

அடுத்தது 'ஆதரவற்ற'. படித்துக் காட்டியதும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது. "எனக்கு மக இருக்காளே தாயி. அவ காதுல விழுந்தா என்ன நெனைப்பா?" மகள் வெளியூரில் கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். அது திட்டத்தின் பெயர், 'பொருள்' என்ற இடத்தில் மட்டும் இருக்கட்டும். உள்ளே 'எனக்கு வேறு வருமானம் இல்லை. மகளின் கூலி அவர் குடும்பத்துக்கே போதவில்லை' என்று உள்ளதை எழுதுவோம் என்றேன். ஆச்சி நெடுநேரம் யோசித்தார்கள். "சரி, அப்படியே போடு."

'ஐயா' என்று ஒரு விளி. முடிவில் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. பொற்பாதங்களை எடுத்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் பணிவாக எழுதினால் என்ன?" என்றார் அப்பா. உரியதைக் கேட்பவர் ஏன் காலில் விழவேண்டும்? இத்தாலியில் பிறந்து நம் மொழியைக் கற்ற வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், கொடுந்தமிழ் என்று வழங்கிய மக்கள் தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். தேம்பாவணியை 3,615 பாடல்களில் பாடியவர், பரமார்த்த குரு கதையை எளிய உரைநடையில் சொன்னார். எது எங்கே என்று அவருக்குத் தெரிந்தது, காசு வாங்கி மனு எழுதுகிறவருக்குத் தெரியவில்லையே!

மனு முடிந்ததும், மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள் ஆச்சி. தொலைபேசியில் பேசினால் அழுகை வந்துவிடுகிறதாம். அதில் 'இறந்து' என்று எழுத விடவே இல்லை. "அப்பா போனபெறகு முருங்கை காய்க்கவே இல்லன்னு போடு தாயி" என்றார்கள். அப்படியே போட்டேன்.