அலமாரிக்குள் மாயாவி

ஜொகூர் பாருவின் புறநகரிலுள்ள வரிசை வீடொன்றின் மாடியறையில் ஓர் இரும்பு அலமாரி நிற்கின்றது. அதன் திறவுகோல் வீட்டுக்காரரின் சட்டைப்பையை விட்டு நீங்குவதில்லை. உள்ளே நகையும் இல்லை. வீட்டுப் பத்திரமும் இல்லை. நெகிழி உறைகளில் தனித்தனியே இடப்பட்ட தமிழ்ச் சித்திரக்கதை நூல்களே அடுக்கடுக்காக இருக்கின்றன. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்ற அறுபது கடந்த மனிதர், வாரத்திற்கு ஒருமுறை அவற்றைத் தட்டித் துடைத்து மீண்டும் பூட்டி வைக்கின்றார்.

அவர் குளுவாங்கிற்கு அருகிலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், சில ஆண்டுகள் கழித்தே அத்தோட்டத்தை எட்டிப் பார்த்தது. பட்டணத்துக் கடையில் வாங்கிய ஒரு பிரதி லயத்தில் பன்னிரண்டு வீடுகள் ஏறி இறங்கித் திரும்பும்போது அட்டையை இழந்திருக்கும். முதற்பக்கம் கிழிந்திருந்தால், முன்னரே படித்த சிறுவன் ஒருவன் அதை வாய்மொழியாகச் சொல்லி முடிப்பான். பால் வெட்டிக் களைத்து வந்த தந்தையார் எழுத்தறியாதவர். மகன் உரக்கப் படிக்கக் கேட்டபடி திண்ணையில் சாய்ந்திருப்பார். கதை சூடு பிடிக்கையில், “டேய், அந்தக் கை இப்ப எங்கடா இருக்கு?” என்று கேட்பார்.

அந்தக் கை இரும்புக்கை மாயாவியின் கை. ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல், விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக் கொண்டவன். மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அவன் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தோன்றிய கதை அது. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இவையெல்லாம் தோட்டத்துச் சிறுவர்களுக்குத் தெரியாது. மாயாவி தமிழில் பேசினான். ஆகவே அவன் தமிழன். பாடநூலில் எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைகள், ‘சதி’, ‘விபரீதம்’ போன்ற சொற்களைத் தயக்கமின்றிப் படித்தது அந்தக் கையின் பின்னே ஓடியபோதுதான். ஆசிரியர்கள் அந்நூல்களைப் பறித்து மேசைக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர்களிற் சிலர் மாலையில் அவற்றைப் படித்ததும் உண்டு.

1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்து சேர்ந்தன. லயனில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் அறிமுகமானான். அவனுடைய ஆங்கிலக் கதைகளுட் பலவற்றை எழுதியவர், 1938இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பதை இவ்வாசகர் நெடுங்காலம் கழித்தே அறிந்தார். அறிந்த நாளில், பழைய நண்பர் ஒருவர் தம் உறவினர் என்று தெரிந்ததுபோல் மகிழ்ந்தாராம்.

கையில் சம்பளம் புரளத் தொடங்கிய பின், கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் அமெரிக்க இதழ்களையும் வாங்கினார். அங்கேதான் அவருக்குச் சலிப்புத் தட்டியது. 1992இல் சூப்பர்மேன் இறந்தான். அழாத குறையாகப் படித்தார். மறு ஆண்டே அவன் எழுந்து வந்துவிட்டான். 2011இல் அதே நிறுவனம் 52 இதழ்களை ஒரே வீச்சில் முதல் எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கியது. பின்னும் தொடக்கங்கள் நிற்கவில்லை. ஒரே இதழுக்குப் பல அட்டைகள். படிப்பதற்கு ஒன்று, பெட்டியில் வைப்பதற்கு ஒன்பது. “சாவுக்கு மதிப்பில்லாத ஊரில் வீரத்துக்கு என்ன மதிப்பு?” என்பது அவர் கேள்வி. இதில் முதுமையின் முணுமுணுப்பும் கலந்திருக்கலாம். ஆயினும், இன்று கடைக்குள் நுழையும் பத்து வயதுச் சிறுவன் ஓர் இதழை எடுத்து அதிலேயே ஒரு கதையைத் தொடங்கி முடிக்க இயலாது என்ற அவர் குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. இருபது ஆண்டுகள் படித்தவனுக்கே விளங்கும் கதை, புதிதாய் வருபவனை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றது.

அச்சு நூல் மடிந்துகொண்டிருக்கிறது என்பார்க்குச் சான்றுகள் குறைவில்லை. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. அமெரிக்கச் சித்திரக்கதைகளைக் கடைகளுக்கு அனுப்பி வந்த டைமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இவற்றையெல்லாம் அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால், ஜொகூர் பாருவின் பேரங்காடிப் புத்தகக் கடையில், கெம்பாக் ஸ்டார்ஸ் வெளியிடும் மலாய்ச் சித்திரக்கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து புரட்டுவதையும், தாயாரை நச்சரித்து வாங்கிச் செல்வதையும் அவர் பார்த்திருக்கின்றார். கைத்தொலைபேசி அப்பிள்ளைகளிடமும் உண்டு. ஆகவே குறை தாளில் இல்லை. அத்தாள் யாருக்காக அச்சாகிறது என்பதில் இருக்கிறது என்றே அவர் எண்ணினார்.

அந்த எண்ணம் தம்மையே சுட்டும் என்பதை அவர் அப்போது உணரவில்லை. இடையில் தளர்ந்திருந்த லயனும் முத்துவும் 2012இல் புத்துயிர் பெற்று, உயர்ந்த தாளில், வண்ணத்தில், பெரும்பாலும் சந்தா முறையில் வருகின்றன. பாராட்டத்தக்க உழைப்பு அது. ஆனால் வாங்குவோரிற் பெரும்பாலோர் அவரைப் போல் நரைத்தவர்கள். அவரும் அஞ்சற்செலவு கொடுத்து வரவழைத்து, ஒருமுறை படித்து, உறையிலிட்டுப் பூட்டுகின்றார்.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பேரன் ஒருநாள் அலமாரியின் முன் வந்து நின்றான். “கை படக்கூடாதுப்பா” என்றார். பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சற்று நேரம் பார்த்தான்.

“அப்போ இதெல்லாம் யாரு படிக்கிறதுக்குத் தாத்தா?”

கோபிக்கவும் முடியவில்லை, விடை சொல்லவும் முடியவில்லை. பன்னிரண்டு வீடுகள் சுற்றி வந்த அந்தப் பழைய பிரதியும் அந்த அலமாரிக்குள்தான் இருந்தது. அட்டை இல்லாததால் அதற்கு மட்டும் இரட்டை உறை.

இரண்டு வாரம் கழித்து, உறைகளைப் பிரித்து அந்தப் பிரதியையே எடுத்துக் கொடுத்தார். பையன் முறுக்கைக் கடித்துக்கொண்டே எழுத்துக் கூட்டினான். ‘நிழற்படை’ என்ற சொல்லில் இரண்டு முறை இடறினான். எண்ணெய் விரல் மூன்றாம் பக்கத்தில் பதிந்தது. அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அது பள்ளிப் பையில் ஏறிச் சென்றது, இன்னும் திரும்பவில்லை. வகுப்புத் தோழன் ஒருவனிடம் கொடுத்தானாம். அவன் ஐந்தாம் ஆண்டில் படிக்கும் தன் அக்காளிடம் கொடுத்தானாம். அவளிடமிருந்து எங்கே போயிற்று என்று பையனுக்குத் தெரியவில்லை. பெரியவர் இரண்டு நாள் பொறுத்து ஒருமுறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. அலமாரியின் திறவுகோல் இப்போது அதன் பூட்டிலேயே தொங்குகின்றது.