பார்க் லேனில் ஒரு பிற்பகல்

செகந்திராபாத்தில், பாரடைஸ் மெட்ரோ நிலையத்திற்கு அருகில் இருக்கிறது பார்க் லேன். பிரியாணியின் மணம் வழிப்போக்கரை வலிந்து அழைக்கும் வட்டாரம் அது. ஆயினும் எங்களை அங்கே இழுத்துச் சென்றது நாவின் ஆசையன்று; மகனுடைய விளையாட்டுக் கணினிக்கு நேர்ந்த பிணியே.

எழுத்து வேலைக்கு ஒரு குறையும் காட்டாத அக்கணினி, விளையாட்டு மும்முரமாகும் வேளையில் சட்டென்று அணைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு பழுது என்று மகன் முடிவு கட்டினான். அதன் விலையை எண்ணி நாங்கள் கலங்கினோம். கணினியை மடியில் ஏந்தி ஆட்டோவில் புறப்பட்டோம்.

அங்குள்ள செனாய் டிரேட் சென்டர் ஐதராபாத்தின் பெயர்பெற்ற கணினிச் சந்தை. மாடிக்கு மாடி சிறு கடைகள். கூரை வரை அட்டைப் பெட்டிகள். தெலுங்கும் தக்கணி உருதுவும் கலந்த பேரம். ஒரு கடைக்காரர் எங்கள் குறையைப் பொறுமையாகக் கேட்டார். தம்மிடமிருந்த வேறொரு எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை இணைத்து, விளையாட்டை ஓடவிட்டார். அரை மணி நேரம் ஓடியும் கணினி அணையவில்லை. கார்டு குற்றமற்றது என்று தெளிந்தோம்.

சுவரில் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கி ஊட்டுவது அப்பெட்டியே. விளையாட்டின்போது கார்டு திடீரென்று மிகுந்த மின்சாரத்தைக் கேட்கும். முதுமையுற்ற பெட்டி அதைத் தர இயலாமல் நின்றுவிடும்.

650 வாட் பெட்டி ஒன்றை வாங்கினோம். “பழைய கேபிள்கள் உள்ளே அழகாகக் கட்டப்பட்டிருக்கின்றன, அவற்றையே புதிய பெட்டியில் செருகிவிடலாம்” என்றான் மகன். கடைக்காரர் பதறிக் கையை உயர்த்தினார்.

“புரானா வயர் நக்கோ, சாப்!”

பழைய கம்பி வேண்டவே வேண்டாம் என்பது பொருள். கணினிப் பக்கத்து முனைகள் எங்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கத்து முனைகளிலோ கம்பிகளின் வரிசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் இருவேறு பெட்டிகளிலும் மாறக்கூடும். செருகினால் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் செல்லவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்டு டிஸ்க் கருகிவிடலாம்.

எங்களுக்கு உள்ளம் நடுங்கிற்று. காலஞ்சென்ற எங்கள் அன்னையார் பேரனுக்குச் சொன்ன கதைகளின் ஒலிப்பதிவு அந்த டிஸ்கில்தான் இருந்தது. வேறு படியில்லை. தெலுங்கு நாட்டில் வளரும் பிள்ளைக்கு அவர் விட்டுச்சென்ற தமிழ் அதுவே.

வீட்டில் பிளக்கைப் பிடுங்கிவைத்து, பழைய கேபிள்கள் அனைத்தையும் உருவினோம். பிராசஸருக்குரிய முனையும் கார்டுக்குரிய முனையும் எட்டெட்டுத் துளைகளோடு ஒன்றுபோல் தோன்றும். மேலே பொறித்திருந்ததைப் படித்தே செருகினோம். பழைய பெட்டியைத் திறக்கவில்லை. பிளக்கை எடுத்த பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

கணினி உயிர்பெற்றது. மகன் விளையாட்டைத் தொடவில்லை. பாட்டியின் குரலைத்தான் முதலில் திறந்தான். அன்றிரவே அதற்கு இரண்டு படிகள் எடுத்தோம். நம் இல்லங்களில் இத்தகைய குரல்கள் எத்தனையோ இருக்கும். பெட்டி பழுதாகும்வரை அவற்றுக்குப் படியெடுக்கக் காத்திருக்க வேண்டாம்.