இருண்ட திரை கற்பித்த பாடம்



உங்கள் இல்லத்திலும் ஏதேனும் ஒரு மூலையில் பழைய கணிப்பொறி ஒன்று துணி போர்த்தப்பட்டுக் கிடக்கக்கூடும். மூத்த மகன் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியதாகவோ, வளைகுடாவிலிருந்து திரும்பிய மச்சான் கொடுத்ததாகவோ அது இருக்கும். வீசி எறியவும் மனம் வராது. வைத்து வேலை வாங்கவும் முடியாது. அத்தகைய கணிப்பொறி ஒன்றைச் சீர்ப்படுத்தப் புகுந்து, அதனினும் பெரியதொரு பழுதை என்னிடத்திலேயே கண்டுகொண்ட நிகழ்ச்சியை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் கலைப் பட்டதாரி, வரலாறு படித்தவன். மேலப்பாளையத்தில் மதரஸா ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக ஆசிரியப் பணியாற்றி வருகிறேன். 2012ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி ஒன்று எங்கள் அலுவலக அறையில் உள்ளது. மாணவர்களின் பதிவேடு, தேர்வு மதிப்பெண்கள், நோன்புக் கஞ்சிக் கணக்கு, ஆண்டு விழா மலரின் பக்கங்கள் யாவும் அதற்குள்தான் இருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையை எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டோடி, நெல்லைச் சந்திப்புப் பகுதியிலும் வெள்ளம் புகுந்தது. எங்கள் அறையில் முழங்காலளவு தண்ணீர். மேசைமேல் இருந்ததால் கணிப்பொறி நனையாமல் தப்பியது. ஆயினும் பல நாள் தங்கிய ஈரப்பதம் தன் வேலையைக் காட்டாமல் விடவில்லை. மானிட்டரின் திரையில் கோடுகள் விழுந்து, பாதி மங்கிப்போயிற்று. அதனுடனேயே ஓராண்டுக்கு மேல் ஓட்டினோம்.

பின்னர், முன்னாள் மாணவர் ஒருவர் புதிய மானிட்டர் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. எங்கள் பழைய கணிப்பொறியில் படம் வெளிவரும் வாசல் விஜிஏ என்னும் பழைய வகை. புதிய மானிட்டரிலோ எச்டிஎம்ஐ மட்டுமே உண்டு. ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் புதிய வாசல் கிடைக்கும், படமும் தெளிவாக இருக்கும் என்று கடைக்காரர் கூறினார்.

பழைய கணிப்பொறிக்குக் கார்டு வாங்குவோர் முதலில் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, அது பொருந்தும் இடம். 1997இல் வந்த ஏஜிபி என்னும் செருகுவாய் ஒரு வகை; 2004 முதல் பரவிய பிசிஐ எக்ஸ்பிரஸ் வேறொரு வகை. ஒன்றில் மற்றொன்று நுழையாது. இரண்டாவது, மின்சாரம். பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் தானாக அதிகபட்சம் 75 வாட் வரையே கொடுக்கும். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ் என்னும் மின்பெட்டியிலிருந்து தனி வயர் வர வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அந்த வயரே இராது. ஆகவே 19 வாட் மட்டும் கேட்கும் ஜிடி 710 என்னும் எளிய கார்டைத் தேர்ந்தெடுத்தோம். விளையாட்டுகளுக்கு அது போதாது. எழுத்து வேலைக்குத் தாராளம்.

கார்டைப் பொருத்த எனக்கு உதவியவன் ஆலிம் வகுப்பில் பயிலும் பதினேழு வயது மாணவன். தந்தையை இழந்தவன். தாயார் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். விடுமுறை நாள்களில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் அமர்ந்து தொழில் பழகுபவன். மின் இணைப்பைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடலிலுள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு, மிகுந்த கவனத்துடன் கார்டைச் செருகித் திருகினான். சுவிட்சைப் போட்டோம். மின்விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து நீண்ட பீப் ஒலி விட்டு விட்டு வந்தது.

எனக்குப் பதற்றம் மேலிட்டது. பத்தாண்டுப் பதிவேடு போய்விட்டதே என்று உள்ளம் துடித்தது. அந்தப் பதற்றத்தில், சக மாணவர்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "எல்லாம் உன்னால் வந்தது, தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய்?" என்று அவனைக் கடிந்துகொண்டேன். "நான் கார்டை மட்டும்தான் அழுத்தி வச்சேன், உஸ்தாத்" என்றான். அதன்பின் அவன் எதுவும் பேசவில்லை. அஸர் தொழுகைக்குப் பின்னும் அலுவலக அறைப் பக்கம் அவன் வரவில்லை.

அன்றிரவு, பாளையங்கோட்டையில் கணிப்பொறி பழுது பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கார்டு போடுறதுக்கு முந்தி அந்தப் பெட்டியை யாராவது திறந்தாங்களா, ஹஜ்ரத்?" என்பது. "யாரும் திறக்கவில்லை" என்று யோசியாமல் பதில் சொன்னேன். "சரி, கார்டைக் கழட்டிட்டுப் பழைய மானிட்டரைப் பழையபடி மாட்டிப் பாருங்க. ஒரு நேரத்துல ஒரு பொருளைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாது" என்றார்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் தனியாக அமர்ந்தேன். மின் இணைப்பை நீக்கிக் கார்டைக் கழற்றினேன். கோடு விழுந்த பழைய மானிட்டரை விஜிஏ வாசலில் மாட்டினேன். அப்போதும் அதே இருள், அதே பீப் ஒலி. கார்டு வெளியே மேசைமேல் கிடக்கிறது. ஆயினும் பழுது உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் கார்டும் குற்றவாளியன்று. அதைப் பொருத்திய கையும் குற்றவாளியன்று.

பீப் ஒலியின் பொருள் கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறுபடும். எனினும் நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால், ராம் என்னும் நினைவகப் பட்டையை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். குனிந்து பார்த்தேன். இரண்டு பட்டைகளில் ஒன்று சற்றே சாய்ந்து நின்றது. அதன் ஒரு பக்கக் கொக்கி பூட்டிக்கொள்ளவில்லை. பட்டையின் பொன்னிற விளிம்பு ஈரத்தால் கறுத்திருந்தது.

அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. விடுமுறை தொடங்குவதற்கு முன் தூசு தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தவன் நானே! அவ்விரு பட்டைகளையும் கழற்றித் துடைத்து, மீண்டும் செருகியவனும் நானே! அதன்பின் கார்டைப் பொருத்திய நாள் வரை யாரும் கணிப்பொறியை இயக்கவில்லை. யாரும் திறக்கவில்லை என்று முந்தைய இரவு நான் சொன்னது பொய்யன்று, மறதி. ஆனால் அந்த மறதியின் சுமையை ஏழைச் சிறுவன் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டேனே, அது மறதியன்று.

பென்சில் அழிக்கும் ரப்பரால் அவ்விளிம்பை மெதுவாகத் தேய்த்துத் துகள்களைத் துடைத்தேன். இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை பட்டையை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. பதிவேடு பத்திரமாக இருந்தது. பிறகு மின் இணைப்பை மறுபடி நீக்கிக் கார்டைச் செருகி, புதிய மானிட்டரைக் கார்டின் வாசலில் மாட்டினேன். படம் வந்தது, ஆனால் எழுத்துகள் பருத்துக் கரடுமுரடாகத் தெரிந்தன.

வகுப்புத் தொடங்கியது. எந்த மாணவர்கள் முன்னிலையில் அவனை ஏசினேனோ, அவர்கள் முன்னிலையிலேயே, "தவறு என்னுடையது. ராமைச் சரியாகப் பொருத்தாதவன் நான். உன்மேல் பழி சுமத்தியதற்கு என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான். சிறிது நேரம் கழித்து, "பரவாயில்லை உஸ்தாத். டிரைவர் போட்டாச்சா?" என்று கேட்டான். கார்டை இயக்கும் மென்பொருளுக்குத்தான் டிரைவர் என்று பெயர்; அது இல்லாததே எழுத்துகள் பருத்துத் தெரிந்ததற்குக் காரணமாம். இந்தக் கார்டின் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர் வெளியீடு 2021 அக்டோபரிலேயே நின்றுவிட்டதால், பழைய பதிப்பைத் தேடி எடுத்து அவனே பதிவேற்றினான். எழுத்துகள் கூர்மையாயின. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வங்கி வேலை எதற்கும் அந்தக் கணிப்பொறியைப் பயன்படுத்துவதில்லை என்றும் முடிவு செய்தோம்.

ஆதாரமின்றி எவர்மீதும் சந்தேகம் கொள்ளலாகாது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அந்தப் பாடத்தை எனக்கே நடத்திக் காட்ட, ஒரு பழைய இயந்திரம் வேண்டியிருந்தது!

பெற்றோர்களே! வீட்டில் ஏதேனும் ஒரு பொருள் பழுதானால், கடைசியாக அதைத் தொட்ட பிள்ளையைத்தானே நாம் முதலில் அழைக்கிறோம்? அதற்கு முன் தொட்டவர் யார் என்று ஒருமுறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கணிப்பொறிக்கு உள்ளே நோவு வந்தால் பீப் என்று குரல் கொடுத்துவிடும். பிள்ளைகள் குரல் கொடுப்பதில்லை. நம் அறைப் பக்கம் வராமல் ஒதுங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்த மௌனத்தை நாம்தான் கேட்டறிய வேண்டும்.