கிணற்றிலே குளிர்ந்த கள்

2022ஆம் ஆண்டுப் பங்குனி மாத இறுதியிலே, மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டிருந்தபோது, எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலுமாரியாகிவிட்டது. 1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்தது. அக்காலத்திலே பிள்ளைப் பருவத்தைக் கழித்த எமக்கு இது புதிய துன்பமன்று. எனினும், வசதி என்பது மிக விரைவாக மனிதனைப் பழக்கிவிடுகிறது. பால் திரைந்தது, குழம்பு புளித்தது, நாமோ குளிராத பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

அந்நாட்களில் ஒருநாட் காலை, பத்தாந் தரத்து மாணவனொருவன் ஒரு போத்தல் கருப்பநீரைக் கொண்டுவந்து எம்மிடம் தந்தான். அவனுடைய தந்தை பனையேறும் தொழிலாளி. பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் எமக்கு, அந்தப் போத்தலுக்கு ஒரு கால இலக்கணம் உண்டென்பது தெரியவில்லை. பாடசாலை முடிந்தபின் வீட்டுக்குக் கொண்டுசென்று, பழக்கதோஷத்தினால் அந்தச் செத்த பெட்டிக்குள்ளேயே வைத்துக் கதவை மூடினோம். இரவு எட்டு மணியளவில் உள்ளே ஏதோ வெடித்தது போன்ற ஓசை கேட்டது. எலியென்று எண்ணி விளக்கைக் கொண்டு போய்ப் பார்த்தால், அடைப்பான் கதவிலே மோதி விழுந்து கிடந்தது. போத்தலின் கழுத்து வழியாக நுரை வழிந்துகொண்டிருந்தது. கருப்பநீர் கள்ளாகிவிட்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாத்தியார் வீட்டிலை தவறணை திறந்தாச்சு" என்றார்.

மறுநாள் இதனை வேடிக்கையாக அம்மாணவனிடம் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பத்து மணிக்கு முன்னம் குடிச்சிடச் சொல்லி அப்பா சொன்னவர் சேர். நான் சொல்ல மறந்திட்டன்" என்றான்.

அவன் மறந்ததற்குக் காரணம் உண்டு. அன்று காலை போத்தலை எம் கையில் தந்த அடுத்த நிமிடமே, பிந்தி வந்த குற்றத்துக்காக அவனை முதலாம் பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே, வெயிலிலே நிறுத்தியவர்கள் நாமே. வாரத்தில் மூன்று நாட்களாவது அவன் பிந்தியே வருவான். ஏன் பிந்துகிறாய் என்று ஒருமுறை கேட்டிருக்கிறோம். அவன் பேசாமல் நின்றான். அதைத் திமிரென்று கொண்டோம்.

கருப்பநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்து சொட்டும் ஒரே சாறுதான். முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீர், பூசாவிட்டாற் கள். பனஞ்சாற்றிலே நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாக வெல்லம் இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் மதுவங்கள் இருக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை அவற்றை அடக்கி வைக்கிறது. அது குறைந்தாலோ தேய்ந்தாலோ அடக்கம் தளர்ந்துவிடும். முப்பது பாகைக்கு மேற்பட்ட எமது வெயில் மதுவத்துக்கு மெத்தப் பிடித்தமானது. சில மணித்தியாலங்களிலே வெல்லம் மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிந்துவிடுகிறது. அடைப்பானைத் தள்ளியது அந்த வாயுவே. அதன்பின் வேறு பற்றீரியாக்கள் வந்து மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கும், கள் காடியாகும். காலையில் இனிப்பு, நண்பகலில் வெறி, மறுநாட் புளிப்பு. இந்த ஓட்டத்தைக் குளிர் நிறுத்துவதில்லை. அதன் காலைக் கட்டி மெதுவாக்குகிறது, அவ்வளவுதான்.

வெயிலுக்கும் நொதித்தலுக்குமிடையிலான இப்பகை எமது மண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியின் பவேரியாவிலே 1553இல் கோமகன் ஒரு கட்டளை பிறப்பித்தான்: ஏப்ரில் 23 முதல் செப்ரெம்பர் 29 வரை எவரும் பியர் வடிக்கலாகாது. கோடையில் வடித்த பியர் கெட்டுப்போனதே காரணம். ஆகவே அங்குள்ளோர் குளிர்காலத்தில் வடித்து, நிலத்தை ஆழத் தோண்டிய நிலவறைகளிலே சேமித்தனர். குளங்கள் உறைந்தபோது பனிக்கட்டியை வெட்டியெடுத்து அவ்வறைகளை நிரப்பினர். மேலே நிழலுக்காக மரங்களை நட்டனர். அம்மரங்களின் கீழே வாங்குகளைப் போட்டுக் குடித்ததிலிருந்தே அந்நாட்டுப் பியர்த் தோட்டங்கள் தோன்றின. 1870களிலே லிண்டே என்னும் பொறியியலறிஞர் குளிரூட்டும் யந்திரத்தை ஆக்கியபோது, அதற்கு முதலிற் பணம் போட்டவர்களும் பியர் முதலாளிகளே. இன்று எம் வீட்டு மூலையில் நிற்கும் அலுமாரியின் முப்பாட்டன் ஒரு பியர்ச்சாலையிலே பிறந்தவன் என்பதைப் பலர் அறியார்.

பணமுள்ளவனுக்குக் குளிர் எப்போதும் கிடைத்தே வந்திருக்கிறது. 1833இலே அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது, துரைமாரின் கிண்ணங்களுக்காக. சென்னைக் கடற்கரையிலே 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. இலங்கையிலோ குளிரைத் தேடி வெள்ளையர் மலையேறினர். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே, சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் இறுதியில் பியர் வடிக்கத் தொடங்கினார். பின்னர் அங்கு எழுந்த பியர்த் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயங்கியது. அந்தக் குளிரிலே கொழுந்து பறித்த கைகளுக்கு அது வேறு விதமான குளிர். அதனை எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

யாழ்ப்பாணத்திலே மலையுமில்லை, பனிக்கட்டியுமில்லை. கிணறு இருந்தது.

எமது அம்மம்மா சொன்ன கதை இது. அம்மப்பாவுக்கு நாள்தோறும் நண்பகலில் ஒரு போத்தல் கள் வேண்டும். மரமேறுபவர் காலையிலே அதனைக் கொண்டுவந்து பின்வளவுப் படலையடியில் நிற்பார். வீட்டினுள்ளே வரும் உரிமை அவருக்கில்லை. அம்மம்மா போத்தலை வாங்கி, கழுத்திலே கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, துலாக்காலிலே கயிற்றை முடிந்து வைப்பார். சுண்ணக்கல்லைப் பிளந்து தோண்டிய ஆழக்கிணறு. உச்சிவெயிலிலும் அந்த நீர் தண்ணென்றிருக்கும். பன்னிரண்டு மணிக்குப் போத்தலை மேலே இழுப்பார்கள். "அமிர்தம் மாதிரி இருக்குமாம், கொம்மப்பா சொல்லுவார்" என்பார் அம்மம்மா.

கள்ளைக் கொண்டுவந்தவருக்குத் தாகமெடுத்தால்? நாம் சிறுவராயிருந்தபோது இதனைக் கேட்டோம். "வாத்து விடுவம், சிரட்டையிலை" என்றார் அம்மம்மா, எவ்விதக் கூச்சமுமின்றி. அவர் இறக்கிய கள் அந்தக் கிணற்று நீரிலே மூன்று மணித்தியாலம் மிதக்கலாம். அவருடைய கை அந்தக் கிணற்று வாளியைத் தொடலாகாது. போத்தலின் வெளிப்புறமெங்கும் அவருடைய கைரேகை இருந்திருக்குமே, அது நீரிலே கரையாதா என்று எமது முன்னோரில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கி ஊர்வலம் சென்றது. தேநீர்க்கடைகளின் கதவும் கோயில்களின் கதவும் தட்டப்பட்டன, சில திறந்தன. எமது வீட்டுத் துலாக்காலிலே கயிற்றின் முடிச்சு மட்டும் பின்னரும் சில ஆண்டுகள் அவிழவில்லை.

வைகாசியிலே சோளகக் காற்று எழுந்தபின், ஒரு சனிக்கிழமை, நாம் அம்மாணவனின் வீட்டுக்குப் போனோம். காலை எட்டரை மணி இருக்கும். தகப்பனார் கடைசி மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். மார்பும் உள்ளங்காலும் காய்த்துத் தழும்பேறிய மனிதர். பத்துப் பன்னிரண்டு மரங்கள். காலையும் மாலையும் ஏறவேண்டும். ஏறாத நாளிலே பாளை காய்ந்து சாறு நின்றுவிடும். இறக்கிய சாற்றை வெயில் ஏறுமுன் சேர்க்குமிடத்திலே சேர்க்கவேண்டும், பிந்தினால் விலையில்லை. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசை நின்ற அந்த ஆண்டிலே மகன் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினான். அவன் பாடசாலைக்குப் பிந்தியதன் கணக்கு அதுதான். எமது மணிக்கூடு ஏழரைக்கு அடிக்கிறது. கள்ளின் மணிக்கூடு வேறு.

வேலியோரத்து மாமரத்தின் கீழே மணல் பரப்பி, அதனுள் பாதி புதையுமாறு ஒரு மண்முட்டி வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் நனைத்த சாக்கு. வீட்டுத் தேவைக்கு வைத்த கருப்பநீர் அது. மனைவியார் பனங்கட்டி காய்ச்சும் வரை கெடாமலிருக்க வேண்டும். மணலைத் தொட்டுப் பார்த்தோம். கிணற்று நீரைப்போலக் குளிர்ந்திருந்தது.

"சாக்கு நனைஞ்சிருந்தாக் காணாது சேர், காத்துப் படவேணும். ஈரம் காயக் காயத்தான் குளிரும். வீட்டுக்குள்ளை வைச்சீங்களெண்டால் அவிஞ்சு போம்" என்றார் தகப்பனார். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதனை அது முட்டியிடமிருந்தே பறிக்கிறது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் பறிப்பது குறையும். ஆதலால் வறண்டு வீசும் சோளகத்திலே முட்டி நன்றாகக் குளிரும். இவ்வளவையும் எமது விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையிலே எழுதிக் காட்டுவார். மணலிலே செய்து காட்டியவரின் மகன் அந்தப் பாடத்திலே இருபத்தெட்டுப் புள்ளி.

முட்டியைக் கழுவுவதைப் பற்றியும் நெடுநேரம் சொன்னார். அடியிலே பழைய மண்டி ஒரு விரலளவு இருந்தாலும் புதுச்சாறு ஒரு மணித்தியாலத்திலே பொங்கிவிடும். ஆகவே தேய்த்துக் கழுவி, வெயிலிலே கவிழ்த்துக் காயவிடவேண்டும். குளிருக்காக வெயிலோடு போராடும் அவர், சுத்தத்துக்காக அதே வெயிலைக் கூலியில்லாத வேலையாளாக வைத்திருந்தார்.

எம்மை இருத்திவிட்டு, மகனின் காதிலே ஏதோ சொன்னார். பையன் ஓடிப்போய்ச் சந்திக் கடையிலிருந்து ஒரு போத்தல் சோடாவுடன் வந்தான். மூடி திறக்காத போத்தல். எம் முன்னாலேயே திறந்து, குவளையில் ஊற்றாமல், போத்தலோடு நீட்டினார்.

அதன் பொருள் எமக்கு விளங்கியது. எந்த ஊர், எந்த வீட்டுப் பிள்ளை நாம் என்பதை அவர் அறிவார். பிறர் கைபடாத, தொழிற்சாலையிலே அடைத்த பொருளை வைத்து அவர் எமது மானத்தைக் காப்பாற்ற முனைந்தார், தமது மானத்தையும். கையிற் காசில்லாத அந்த ஆண்டிலே அந்தச் சோடாவின் விலை அவருக்கு என்னவென்று கணக்கிட எமக்குத் துணிவில்லை.

"அண்ணை, எனக்குக் கருப்பநீர் தாங்கோ" என்றோம்.

அவர் ஒருகணம் எம் முகத்தைப் பார்த்தார். பின்பு ஒரு பனையோலையை எடுத்து மடித்துப் பிளாவாகக் கோலி எம் கையில் தந்துவிட்டு, முட்டியைச் சரித்து வார்த்தார். பல்லிலே கூசும் குளிர்ச்சியன்று அது. தொண்டையைத் தடவிக்கொண்டு இறங்கும் தண்மை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தோம். பையன் சுவரிலே சாய்ந்து நின்று எம்மையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றிப் பாடசாலையிலே பேசினோம். முதலாம் பாடவேளை எமது பாடமாக உள்ள நாட்களிலே அவன் பிந்தி வரினும் வரவு பதிவதென்று நாமே முடிவு செய்தோம். மற்ற நாட்களுக்கு மேலிடத்தின் சம்மதம் வேண்டும், அது கிடைக்கவில்லை. ஆவணி வரை அவன் வெளியே நின்றான், நிழலிலே.

அன்றைக்கு வீடு திரும்புகையிலே எமது நடையிலே ஒரு மிடுக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை. வரும் வழியிலே சந்தையில் ஒரு மண்முட்டி வாங்கினோம். முற்றத்து வேப்பமரத்தின் கீழே மணல் கொட்டி, முட்டியைப் புதைத்து, சாக்கை நனைத்துச் சுற்றி, பாலை உள்ளே வைத்தோம். காற்றுப் படவேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கினோம். மாலை வரை பால் திரையவில்லை. அம்மாவுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

"ஆர் சொல்லித் தந்தது?"

சொன்னோம்.

அம்மா சற்றுநேரம் பேசாதிருந்தார். "அங்கை தண்ணி வென்னி ஏதும் குடிச்சனியோ?"

"சோடா" என்றோம்.

அம்மா தலையசைத்தார். பின்பு குனிந்து, காய்ந்துகொண்டிருந்த சாக்கின் மேல் இன்னும் ஒரு செம்பு நீரை ஊற்றினார்.