அக்கா சொன்ன "ஒன்றுமில்லை"

எமது வீடுகளில் காது கேளாத ஒருவர் இருப்பாராயின், அவர் தம் வாழ்நாளில் மிக அதிகமாகக் காணும் சொல் "ஒன்றுமில்லை" என்பதாகவே இருக்கும். சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்து சிரிக்கின்றார்கள். என்ன விடயம் என்று நான் கையால் கேட்கின்றேன். "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்று அக்கா கையை அசைக்கின்றார். அந்தப் "பிறகு" வருவதில்லை. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் கிடையாது. பேச்சு விரைந்து செல்கிறது, ஒருவருக்காக அதை நிறுத்தி வைக்க எவராலும் முடிவதில்லை, அவ்வளவுதான். ஆயினும் அந்த ஒரு சொல், புலம்பெயர்ந்து வந்த நாட்டில் ஒரு மனிதனின் வாழ்வையே தடம்புரளச் செய்யும் என்பதை நான் அனுபவத்தில் அறிந்தவன். என்னைப் போன்ற ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இதனை எழுதுகின்றேன்.

எட்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் என் செவிப்புலனைக் கொண்டு சென்றது. அதற்கு முன்பே தமிழ் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டதால் வாசிப்பும் எழுத்தும் எனக்குத் தப்பின. பிறவியிலேயே கேளாத பிள்ளைகளுக்கு இந்தப் பாக்கியம் எளிதில் வாய்ப்பதில்லை. பின்னர் கைதடியிலுள்ள நுபீல்ட் பாடசாலையில் படித்தேன். என்னைப் போன்ற பிள்ளைகள் ஒன்றுகூடினால் கைகள் தாமாகவே பேசத் தொடங்கும். அங்கே எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். எங்கள் இருவருக்கும் இடையில் "ஒன்றுமில்லை" என்ற சொல் இருந்ததே இல்லை.

1992 இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தேன். ஸ்காபுரோவில் அக்காவும் அத்தானும் ஏற்கெனவே ஆறு ஆண்டுகளாக இருந்தார்கள். அகதி விண்ணப்பத்துக்காகச் சட்டத்தரணி ஒருவரிடம் அக்காவே என்னை அழைத்துச் சென்றார். சட்டத்தரணி ஆங்கிலத்தில் கேட்பார். அக்கா எங்கள் வீட்டுச் சைகையால் எனக்குச் சொல்வார். வீட்டுச் சைகை என்பது சோறு, தண்ணீர், காய்ச்சல், பள்ளிக்கூடம், கோபம், வா, போ என்ற அளவில் நாம் குடும்பமாக ஆக்கிக்கொண்டது. "எந்தத் திகதியில்", "எதன் காரணமாக", "அப்போது நீ எங்கே நின்றாய்" என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. ஆகவே சட்டத்தரணி நீண்ட நேரம் பேசுவார், அக்கா இரண்டு சைகை காட்டுவார். நான் பதில் தொடங்கும் முன்பே அக்காவின் உதடுகள் அசைந்து முடிந்துவிடும். வெளியே வந்து, என்ன கேட்டார் என்று துண்டில் எழுதிக் கேட்டேன். "பெரிசா ஒண்டுமில்லை தம்பி. எல்லாம் நான் சொல்லிப்போட்டன்" என்று அக்கா எழுதித் தந்தார்.

எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எழுதியிருக்கலாம்தான். ஆனால் அதை முதலில் வாசிக்கப்போவது அக்கா. நான் எவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அக்காவின் கையில் எழுத்தாகக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்காவுக்குத் தெரிந்த கதை இதுதான்: 1988 இல் என் நண்பன் வீதியில் சுடப்பட்டு இறந்தான், அதன் பின்னர் நான் பயந்துபோயிருந்தேன். நான் அந்த இடத்தில் இருக்கவில்லை என்றே வீட்டில் சொல்லியிருந்தேன். அக்கா அதையே சட்டத்தரணியிடம் சொல்ல, அது அப்படியே வாக்குமூலமாகத் தட்டச்சுச் செய்யப்பட்டது. நான் அதன் அடியில் கையொப்பமும் இட்டேன். ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாள்களில் என்ன இருக்கின்றது என்று எனக்குத் தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன். காது கேளாதவர்கள் தலையாட்டுவதில் வல்லவர்கள். விளங்கவில்லை என்று நூறு முறை சொல்லி மற்றவரின் முகச்சுளிப்பைக் காண்பதிலும், ஒரு முறை தலையாட்டிவிடுவது இலகு.

விசாரணைக்குச் சில வாரங்களே இருந்தபோது, சமூக சேவையில் இருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தமக்கையார் மொழிபெயர்ப்பது சரியாகாது, சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள் என்றார். அக்காவுக்கு அது பெரும் மனத்தாங்கல். "என்னைவிட என் தம்பியைத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டிருக்கின்றார். ஆயினும் 1940 இல் தொடங்கப்பட்டு, இன்று கனேடிய செவிப்புலன் சேவைகள் என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்தின் மூலம் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்பட்டார்.

அவர் வந்தார், கைகளை அசைத்தார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வழக்கம்போலத் தலையாட்டினேன். ஆனால் அந்தப் பெண் அக்காவைப் போன்றவர் அல்லர். என் தலையாட்டலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கைகளை இறக்கிக்கொண்டார். சட்டத்தரணியிடம் திரும்பி, "இவருக்கு என்னை விளங்கவில்லை. நான் இதைத் தொடரக்கூடாது" என்று கூறியதாகப் பின்னர் அறிந்தேன். தமக்கு முடியாததை முடியாது என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு நான் இன்றும் கடமைப்பட்டுள்ளேன்.

இங்கே ஒரு விடயத்தை எம்மவர் அறிந்துகொள்ள வேண்டும். சைகைமொழி உலகம் முழுவதற்கும் ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கனடாவில் ஆங்கிலம் வழங்கும் பகுதிகளில் அமெரிக்க சைகைமொழியும், கியூபெக்கில் கியூபெக் சைகைமொழியும் வழங்குகின்றன. இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலம் பேசும் நாடுகளே. ஆயினும் அவற்றின் செவிப்புலனற்றோர் ஒருவரையொருவர் இலகுவில் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். காரணம், 1817 இல் அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் பாடசாலை தொடங்கப்பட்டபோது அங்கு சென்று கற்பித்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த லோறன் கிளேர்க் என்னும் செவிப்புலனற்ற ஆசிரியர். ஆகவே அமெரிக்க சைகைமொழிக்குப் பிரெஞ்சு சைகைமொழியே நெருங்கிய உறவு. 1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகையால் கற்பிக்கக்கூடாது என்று தீர்மானித்தது. அதன் நிழல் நூறு ஆண்டுகள் பாடசாலைகள் மேல் கிடந்தது. 1960 இல் வில்லியம் ஸ்ரோக்கி என்னும் அறிஞர், அமெரிக்க சைகைமொழி தனக்கெனக் கட்டமைப்பு உள்ள முழுமையான மொழி என்பதை ஆராய்ந்து காட்டிய பின்னரே உலகின் எண்ணம் மெல்ல மாறத் தொடங்கியது.

ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அமெரிக்க சைகைமொழி, சீனமொழி போன்ற இன்னோர் அந்நிய மொழியே. இத்தகையோருக்கு வேறொரு வழி உண்டு. செவிப்புலனற்ற ஒருவரே மொழிபெயர்ப்பாளராக நடுவில் அமர்வார். சட்டத்தரணி பேசுவதைக் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் அமெரிக்க சைகைமொழியில் சொல்வார். அதைச் செவிப்புலனற்ற மொழிபெயர்ப்பாளர் வாங்கி, சைகை, முகபாவம், நடிப்பு, படம், வரைபடம் என்று எதனாலாவது எனக்கு விளங்கச் செய்வார். என் பதில் அதே வழியில் திரும்பிச் செல்லும். இப்படி ஒருவர் இருக்கின்றார் என்பதை நாம் கேட்டாலொழிய எவரும் எமக்குச் சொல்லமாட்டார்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவர் வந்தார். நரைத்த தலை. அவரும் வேறொரு நாட்டிலிருந்து வந்தவர். முதல் அரை மணி நேரம் வழக்கைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. என் ஊர், மழை, மாம்பழம், எப்படிக் காது போனது என்று பேசிக்கொண்டிருந்தோம். என் சைகைகளை அவர் பொறுக்கிக்கொண்டார், தம்முடையவற்றில் சிலவற்றை எனக்குத் தந்தார். பிறகு ஒரு தாளை என் முன் வைத்து, வீதியை வரையச் சொன்னார்.

நான் வரைந்தேன். சந்தியை வரைந்தேன். காவலரணை வரைந்தேன். இரண்டு சைக்கிள்களை வரைந்தேன்.

ஆம், நான் அங்கே இருந்தேன். நண்பன் முன்னே சென்றான், நான் இருபது யார் பின்னே. காவலரணில் நின்றவன் கையை உயர்த்தியதை நான் கண்டேன், பிரேக் பிடித்தேன். நண்பன் அதற்குள் அவனைக் கடந்துவிட்டான். பின்னாலிருந்து கத்துவதை அவன் கேட்கமாட்டான். நானும் கத்தினேன். எனக்கே கேட்காத என் குரலால் அவனைக் கூப்பிட்டேன். காது கேளாத ஒருவனை முதுகுப்புறமாக நின்று கூப்பிட இந்த உலகில் வழியில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இதனைச் சொல்லி முடிக்க மூன்று மணி நேரம் சென்றது. எவரும் என்னை இடைமறிக்கவில்லை, எவரும் எனக்கு முன்னால் முடிக்கவில்லை. முடித்துவிட்டு எழுந்து திரும்பியபோதுதான் என் பின்னால் கதிரையில் இருந்த அக்காவைக் கண்டேன். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவர் எவ்வளவு நேரமாக அழுதார் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்கவில்லையே.

அன்றிரவு அக்கா எனக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதில் ஒரு வரி இன்னும் என் மனதில் நிற்கின்றது. "அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லேக்கை 'நான் கண்டேன், நான் கத்தினேன்' எண்டுதான் சொன்னவா. நான் இவ்வளவு காலமும் 'அவன் பயந்தவனாம், அவன் சொல்லுறான்' எண்டெல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்." மொழிபெயர்ப்பாளருக்கும் உறவினருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் என் "நான்" என்பதை "நான்" ஆகவே கொண்டு சேர்க்கின்றார். அன்பு மிகுந்த அக்காவின் வாயில் நான் "அவன்" ஆகிவிடுகின்றேன்.

வாக்குமூலம் விசாரணைக்கு முன்னரே திருத்தி அனுப்பப்பட்டது. பழைய தாள்களோடு சென்றிருந்தால் என் வாயே என் வழக்குக்கு எதிர்ச்சாட்சியாகியிருக்கும். 1994 இல் என் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது யாசகம் அன்று. கனேடிய உரிமைகள் பட்டயத்தின் 14 ஆம் பிரிவு, விசாரணைகளில் மொழி விளங்காதவருக்கும் செவிப்புலனற்றவருக்கும் மொழிபெயர்ப்பாளரின் உதவியை உரிமையாகவே வழங்குகின்றது. வைத்தியசாலைகளுக்கு இது எளிதில் வந்துவிடவில்லை. 1990 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிண்டா வாறன் என்னும் செவிப்புலனற்ற பெண், மொழிபெயர்ப்பாளர் இன்றியே இரட்டைக் குழந்தைகளைக் குறைமாதத்தில் பிரசவித்தார். ஒரு குழந்தையின் இதயத்துடிப்புக் குறைந்ததைத் தாதி கையசைத்தே காட்ட வேண்டியிருந்தது. பிறந்த குழந்தைகள் உடனே எடுத்துச் செல்லப்பட்டன. அவரும் அவர் கணவரும் றொபின் எல்ட்றிட்ஜ் என்பவரும் தொடுத்த வழக்கில், மருத்துவ சேவையில் சைகைமொழி மொழிபெயர்ப்பு வழங்காமை சமத்துவ உரிமையை மீறுவதாகும் என்று 1997 ஒக்ரோபரில் கனேடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 இல் காணொளி மூலம் தொலைபேசி அழைப்புகளைச் சைகைமொழியில் பெயர்க்கும் இலவச சேவை கனடாவில் தொடங்கியது. 2019 ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்க சைகைமொழி, கியூபெக் சைகைமொழி, ஆதிக்குடிகளின் சைகைமொழிகள் ஆகியவற்றைச் செவிப்புலனற்றோரின் முதன்மை மொழிகளாக ஏற்றுக்கொண்டது.

குடும்பங்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். வைத்தியரிடமோ சட்டத்தரணியிடமோ நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அன்று காலையில் கேட்டால் கிடைக்கமாட்டார். எந்தச் சைகைமொழி என்பதையும், புதிதாக வந்தவராயின் செவிப்புலனற்ற மொழிபெயர்ப்பாளரும் தேவை என்பதையும் கூறுங்கள். நீண்ட சந்திப்புக்கு இருவர் மாறிமாறிப் பெயர்ப்பார்கள், அதற்கும் ஏற்பாடு வேண்டும். எங்கள் கதை ஊருக்குள் பரவிவிடுமோ என்று அஞ்சவேண்டாம். அறிந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழிலின் விதி. பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பாராமல் உங்கள் பிள்ளையைப் பார்த்துப் பேசுங்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராக்கி வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லாதீர்கள். அந்தச் செய்தியின் பாரத்தைப் பிள்ளை தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் செவிப்புலனற்ற பிள்ளை இருந்தால் இந்நாட்டின் சைகைமொழியைப் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். "ஊமை" என்ற சொல்லை வாசலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு இப்போது எழுபதை அண்டிய வயது. நாற்பது வயதில் மாலை வகுப்புக்குச் சென்று சைகைமொழி கற்றார். விரல்கள் இன்றும் தடுமாறும். சென்ற கிழமை சாப்பாட்டு மேசையில் பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். நான் என்னவென்று கேட்டேன். அக்கா பழக்கத்தில் கையை விரித்தார். பின்னர் ஏதோ நினைத்தவராய்ச் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அந்தப் பகிடியை முதலிலிருந்து எனக்குச் சொன்னார். பகிடி அப்படியொன்றும் பெரிதல்ல. நான் சிரித்தேன்.