நிக்கிற கார் வேண்டாம் அக்கா

மண்கும்பான்
14.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு பிறசர் கொஞ்சம் கூடிக் குறையுது, மற்றபடி ஒண்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில நீங்கள் சொன்னதுக்கு அம்மா பக்கத்தில இருந்தபடியால் ஒழுங்காப் பதில் சொல்லேலாமல் போச்சு. அதுதான் எழுதுறன்.

"ஓடர் குடுத்ததை விட்டிட்டு கொழும்பில நிக்கிற காரில ஒண்டை எடுங்கோ, மிச்சக் காசை நான் போடுறன்" எண்டு சொன்னியள். வேண்டாம் அக்கா. காசு உங்களிட்ட வாங்கக் கூச்சப்பட்டுச் சொல்லேல்லை. அந்தக் காருகளை இவர் போய்ப் பாத்திட்டு வந்தவர்.

2020 மார்ச்சில வெளியில இருந்து வாகனம் இறக்கிறதை அரசாங்கம் நிப்பாட்டினது. தனியாள் காருக்குத் திறந்துவிட்டது இந்த வருசம் பெப்ரவரி 1ஆம் திகதி. நடுவில அஞ்சு வருசம் நாட்டுக்குள்ள ஓடினதுகள்தான் கைமாறிக்கொண்டு இருந்துது. வாங்கின விலையை விடக் கூட்டி, பத்து வருசப் பழசையும் வித்தவை. காணியும் நகையும்தான் வைச்சிருக்க விலை ஏறும் எண்டு நினைச்சிருந்தம், காரும் அந்தக் கூட்டத்தில சேர்ந்திட்டுது. இப்ப புதுசு வருது எண்ட உடன அவைக்குப் பயம், விலை விழ முதல் தள்ளிவிடப் பாக்கினம். இவர் பாத்த ஒண்டில மீற்றர் நாப்பதாயிரம் கிலோமீற்றர் காட்டினதாம். பிறேக் பெடலில றப்பர் தேய்ஞ்சு இரும்பு பளபளக்குதாம். நாப்பதாயிரம் ஓடின காரில பெடல் அப்பிடித் தேயுமோ? வெளியில புதுப் பெயின்ற், கதவு றப்பரை இழுத்துப் பாத்தா உள்ளுக்க வேற நிறம்.

எங்கட ஊர்க் காத்தும் உங்களுக்குத் தெரியாததில்லை. பண்ணைப் பாலத்தில ரெண்டு பக்கமும் தண்ணி. காத்துக் காலத்தில கண்ணாடியில உப்புப் படியும், விரலால எழுதலாம். பக்கத்து வீட்டு வானுக்கு அடித்தட்டைக் குனிஞ்சு பாத்தா, சின்னச் சுத்தியலால தட்டத் துருப் பொருக்கு பொருக்கா விழுது. ஏற்கனவே ஒட்டி மினுக்கின வாகனம் இஞ்ச ரெண்டு மாரி தாங்காது.

இனி எங்கட கார் எங்க நிக்குது எண்டதைச் சொல்லுறன். யப்பானில யாட்டில நிக்கிற படத்தை வாட்ஸப்பில அனுப்பினவை. வெள்ளை வாகன் ஆர். முன் கண்ணாடியில செசி நம்பர் எழுதின தாள் ஒட்டியிருக்கு. அம்மா அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பிறின்ற் எடுப்பிச்சுச் சாமி அறையில வைச்சிட்டா, பிள்ளையாருக்குத் தேங்காயும் நேந்திருக்கிறா. வங்கியில எல்.சி. திறந்தாச்சு. கப்பலில இடம்தான் இன்னும் கிடைக்கேல்லை. ஏப்ரலில ஏத்துறம் எண்டவை, பிறகு மே எண்டவை, இப்ப யூன் கடைசி எண்டினம். காரை இறக்கித் தாறவரோட இவர் ஒருக்கால் சத்தம் போட்டவர்தான். ஆனால் அந்த மனுசனிட்டக் கப்பல் இல்லைத்தானே.

கார் ஏத்துற கப்பல் சாதாரணப் பெட்டிக் கப்பல் இல்லை. மாடி மாடியாக் கட்டியிருக்கும், காரை ஓட்டிக்கொண்டு போய் உள்ளுக்க விட்டு, பட்டி போட்டு நிலத்தோட கட்டுவினமாம். உலகத்திலயே இப்பிடிக் கப்பல் கொஞ்சம்தான். 2023 நவம்பரில ஏமன் ஹூதிக்காரர் செங்கடலில பிடிச்சுக்கொண்டு போன ‘கலக்ஸி லீடர்’ இருக்கெல்லோ, அதுவும் கார்க் கப்பல்தான். அதுக்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போற கப்பல்களில கனக்க ஆபிரிக்காவைச் சுத்திப் போகுது. ஒரு கப்பல் போய்த் திரும்ப நாள் கூட எடுத்தா மற்ற இடத்துக்குக் கப்பல் குறையும். யப்பானில இருந்து எங்களுக்கு வாற பாதை செங்கடல் பக்கமே போறேல்லை, எண்டாலும் எங்களையும் அது விடுறதா இல்லை. இதை இவர் இரவு சாப்பிடேக்க அம்மாவுக்கு விளங்கப்படுத்தினவர். அம்மா எல்லாத்தையும் கேட்டிட்டு, "அவங்களுக்கும் ஒரு தேங்காய் உடைப்பம்" எண்டா.

வந்து இறங்கினாலும் வரி இருக்கு. 100 ரூவாக் காருக்கு சுங்கவரி 20, அந்த 20க்கு மேல அரைவாசி மிகைவரி, அப்ப 130. பிறகு எஞ்சின் சீ.சீ.யைப் பாத்து உற்பத்தி வரி. எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல 18 வீதம் வற். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையளுக்கு வீதக் கணக்குப் படிப்பிக்க இதைத்தான் கரும்பலகையில போட்டனான். கடைசி வாங்கில இருக்கிற ஒருத்தன், "ரீச்சர், வரிக்கும் வரியோ?" எண்டு கேட்டான். அவனுக்குக் கணக்கு விளங்கீட்டுது. டொலர் கையில இல்லாமல் 2022இல பெற்றோலுக்கு கியூஆர் காட்டி நிண்ட நாடு, கண்டபடி காரை விடாது எண்டதும் விளங்குது. எண்டாலும் அந்தக் கடைசி வரியை எழுதேக்க கை கூசுது.

கொக்குவிலில இருக்கேக்க அப்பா வைச்சிருந்த ஏ40 கார் நினைவிருக்கோ? பெற்றோல் வர விடாத காலம். காபரேற்றருக்குள்ள ஒரு மூடி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடினவர். புகை பின்னால வெள்ளையாப் போகும், பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் மணம், நீங்கள் அழுவியள். அந்தக் காரை வேலணையில ஆற்ற கையில இருந்து வாங்கினது, அவர் எப்ப எஞ்சின் இறக்கினவர் எண்டு அப்பாவுக்கு எல்லாம் பாடம். ஆர் ஓடினது எண்டு தெரியாத வாகனத்துக்கு அவர் காசு குடுத்திருக்கமாட்டார். எனக்கும் அந்தக் குணம்தான். சண்டைக்கு வராதையுங்கோ.

அம்மாவின்ர கிளினிக்கை நினைச்சுத்தான் நீங்கள் அவதிப்படுறியள் எண்டு தெரியும். மாதத்தில ஒருக்கா பெரியாஸ்பத்திரி. விடிய ஓட்டோவில போறம், ரெண்டு பக்கமும் படங்கு இறக்கி, அம்மா தலையைச் சுத்தித் துவாய் கட்டிக்கொண்டு வருவா. காத்து அடிக்கிறதுதான் கரைச்சல், மற்றும்படி அந்த ஓட்டோத் தம்பி மருந்து எடுக்கிற வரிசையிலயும் வந்து நிக்கிறவர். கார் வந்தாலும் அந்தத் தம்பியை விடமாட்டன் எண்டு அம்மா இப்பவே சொல்லிப்போட்டா, அது வேற கதை. நெடுந்தீவுச் சனத்துக்கு வருத்தம் வந்தா முதல் கடலைத் தாண்டவேணும், பிறகுதான் றோட்டு. நாங்கள் அந்த அளவில இல்லை.

ஆனபடியால் ரெண்டு விசயம். இறக்குமதிக்காரருக்கு பரிசில இருந்து போன் எடுக்காதையுங்கோ. நீங்கள் கதைச்ச அடுத்த நாள் அந்தாள் இவரின்ர போனையும் எடுக்கிறேல்லை. மற்றது, யூலையில நீங்கள் வாறதைக் காரை நம்பி வைக்காதையுங்கோ. யூன் கடைசியில ஏத்தினாலும், தெற்கில அம்பாந்தோட்டையிலயோ கொழும்பிலயோ இறங்கி, சுங்கம் முடிஞ்சு, பதிஞ்சு, நாட்டின்ர மற்றத் தொங்கலுக்கு வர நல்லூர்த் திருவிழாக் கொடியும் ஏறிப்போடும். தெரிஞ்ச ஒருத்தரிட்ட ஹையேஸ் வான் இருக்கு, கட்டுநாயக்காவுக்கு வந்து ஏத்துவார், குறிகாட்டுவானுக்கும் அவரே கொண்டுபோய் விடுவார். நயினாதீவுக்கு அண்டைக்கே போட்டு வரலாம்.

வான்காரருக்கு வாற சனிக்கு முன்னம் முற்பணம் குடுக்கவேணும். அத்தானின்ர தாயும் வாறாவோ, மொத்தம் எத்தினை பேர், எத்தினை சூட்கேஸ் எண்டு வியாழனுக்குள்ள அறிவியுங்கோ.

அன்புடன்,
தங்கச்சி