நானூற்று ஐம்பது ரூபாய் பேரிங்கு

“எங்க கிளாஸ்ல என்னைத் தவிர எல்லார்கிட்டயும் இருக்குப்பா.”

2017 ஜூன் மாதம். பள்ளி திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போயிருந்த மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அந்த ‘எல்லாரும்’ மொத்தமே நான்கு பேர்தான் என்பது பின்னால் பெற்றோர் கூட்டத்தில் தெரிந்தது. அதற்குள் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கியது ஃபிட்ஜெட் ஸ்பின்னர். நடுவில் ஒரு பேரிங்கு, சுற்றிலும் மூன்று இதழ். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும். வேறொன்றும் செய்யாது. வணிக வளாகத்துப் பொம்மைக் கடையில் விலை 450 ரூபாய். காலையில் முருங்கைக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றவன், இங்கே வாய் திறக்கவில்லை. “லாஸ்ட் பீஸ் சார்” என்றார் கடைக்காரப் பையன். எனக்குப் பின்னால் இன்னோர் அப்பா மகளோடு நின்றிருந்தார். பர்ஸ் தானாகவே வெளியே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் அதைக் கையில் வாங்கினார், ஆனால் சுற்றிப் பார்க்கவில்லை. நகத்தால் நடுமூடியை நெம்பி எடுத்து, “அறுநூத்தியெட்டு” என்றார். பேரிங்கின் எண் அது. உள்விட்டம் 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. சறுக்குப் பலகைகளின் சக்கரத்தில் இருப்பதும் இதே 608தான்.

“நடுவுல ஒண்ணு, ஓரத்துல மூணு. ஓரத்துல இருக்கிறது சுத்துறதுக்கு இல்ல தம்பி, வெயிட்டுக்கு. சைனா பேரிங்கு, மொத்தமா எடுத்தா ஒண்ணு பத்து பன்னெண்டு ரூபாதான். என்ன விலைக்கு வாங்குனீங்க?”

“இருநூறு அண்ணே.”

“அதுவே ஜாஸ்தி” என்றார்.

கோவில்பட்டியில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பேரிங்கை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. லாரி ஷெட் வாசலில் போய் நிற்போம். மெக்கானிக்குக்கு டீ வாங்கி வந்து கொடுத்து, அவர் விரட்டி, மறுபடி போய் நின்றால், தேய்ந்துபோன பேரிங்கு ஒன்றை மண்ணில் எறிவார். இப்படி மூன்று சேர ஒரு மாதமாகும். பலகையில் பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று என்று மாட்டினால் பேரிங் வண்டி. தார்ச்சாலையில் அது கிளப்பும் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்து திட்டும்.

அந்தக் காலமே உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கும் பைத்தியங்கள் உண்டு, அவையும் பருவம் பார்த்துத்தான் வரும். பம்பரம் வந்தால் ஊரே பம்பரம், பிறகு கோலி, பிறகு பட்டம். எப்போது, யார் சொல்லி மாறியது என்று எவனுக்கும் தெரியாது. ஆனால் பம்பரத்தை வாங்கிய அன்றே சுற்றிவிட முடியாது. சாட்டையைச் சுற்றவே நாலு நாள், கீழே விட்டதைச் சாட்டையால் சுண்டிப் பிடித்து அபீட் எடுக்க ஒரு மாதம். வட்டத்துக்குள் மாட்டிய பம்பரத்தின் மேல் மற்றவர்கள் தங்கள் பம்பரத்தின் ஆணியால் குத்தி ஆக்கர் வைப்பார்கள். தழும்பு நிறைந்த பம்பரம் வைத்திருப்பவனைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்போம்.

ஸ்பின்னரில் பழகுவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தை தட்டினாலும் அதே சுற்றுதான். அதில் இருந்த ஒரே போட்டி, யாருடையது அதிக நேரம் சுற்றுகிறது என்பது. மகன் என் கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. வகுப்பில் ஒருவனுடையது மூன்று நிமிடம் சுற்றியதாம், உலோகத்தால் ஆனது, துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. மகன் யோசித்து, பேரிங்கிலிருந்த கிரீஸை பெட்ரோலில் கழுவினான். இருபது விநாடி கூடியது, வீடு முழுக்க பெட்ரோல் நாற்றம். அந்த விளையாட்டில் ஒரு பிள்ளை தன் மூளையால் சாதிக்க முடிந்தது அந்த இருபது விநாடிதான். மீதியெல்லாம் வாங்கியவரின் காசு. திறமைக்கு இடமில்லாத பொருளில் பெருமைப்பட இரண்டு வழிகள்தான் உண்டு: முந்திக்கொள்வது, அதிக விலை கொடுப்பது. நான் கொடுத்த 450 ரூபாயில் முக்கால் பங்கு முந்திக்கொண்டதற்கான கட்டணம்.

‘கவனத்தைக் கூட்டும், மன அழுத்தம் குறைக்கும்’ என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். அப்படி நிரூபித்த ஆய்வு எதுவும் அப்போது இருக்கவில்லை. பத்தே நாளில், கவனம் சிதறுகிறது என்று வகுப்பாசிரியை அதைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். அமெரிக்காவிலும் அந்த வசந்த காலம் முழுக்கப் பள்ளிகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. அதே நாட்களில் அமேசானின் பொம்மைப் பட்டியலில் ஒரு கட்டத்தில் முதல் இருபது இடங்களும் ஸ்பின்னருக்கும் அதன் உறவான ஃபிட்ஜெட் கியூபுக்கும் போயின.

இத்தனை விற்றும், இதைக் கண்டுபிடித்துப் பணக்காரரானார் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ஃபுளோரிடாவின் கேத்தரின் ஹெட்டிங்கர் என்ற பெண்மணியின் பெயர்தான் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. 1997இல் சுழலும் பொம்மை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். ஹாஸ்ப்ரோ நிறுவனம் அதை வேண்டாமென்று சொல்லிவிட, 2005இல் புதுப்பிக்க 400 டாலர் இல்லாமல் காப்புரிமையைக் கைவிட்டார். படித்தவுடன் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் செய்தது விரல் நுனியில் சுற்றும் குவிந்த தட்டு, அதில் பேரிங்கே கிடையாது. காப்புரிமை கையில் இருந்திருந்தாலும் சீனத் தொழிற்சாலைகள் அவருக்குச் சல்லிக்காசு கொடுத்திருக்கப் போவதில்லை. 2014 வாக்கில் ஸ்காட் மெக்காஸ்கெரி என்பவர் டார்க்பார் என்ற உலோகச் சுழலியைச் செய்து நூறு டாலருக்கு மேல் விற்றார். யாருடையதும் அல்லாத பொருள் என்பதால்தான் யார் வேண்டுமானாலும் வார்த்துத் தள்ளினார்கள்.

தள்ளியதன் பலனை நான் சென்னையிலேயே பார்த்தேன். ஜூலையில் சிக்னலில் நூறு ரூபாய். ஆகஸ்டில் தாம்பரம் மின்சார ரயிலில், ஊக்கும் சீப்பும் விற்பவரின் தோள்பையில் அறுபது, பேசினால் ஐம்பது. காசிசெட்டித் தெருவில் டஜன் கணக்கில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் மட்டும் ஜெர்மானியச் சுங்கத் துறை, பாதுகாப்பு விதிகளுக்கு இணங்காதவை என்று 35 டன் ஸ்பின்னர்களைப் பிடித்து நசுக்கப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு விலைக் குறைப்பையும் மகன் என்னிடம் வந்து சொன்னான், ஏதோ அவன்தான் ஏமாந்தவன் போல. தன்னுடையதைப் பள்ளிக்குக் கொண்டுபோவதை அவன் எப்போது நிறுத்தினான் என்று நான் கவனிக்கவில்லை.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 1982இல் எனக்கு ஒன்பது வயது. பர்மா பஜாரிலிருந்து மாமா வாங்கி வந்த ரூபிக் கனசதுரத்தின் விலையைக் கேட்டு அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. எனக்கு அது சேரவே இல்லை. வண்ணத்தாளை உரித்து ஒட்டித்தான் ஆறு பக்கமும் முடித்தேன், அதை நம்பிய ஒரே ஆள் பாட்டி. ஆனால் ஹங்கேரியப் பேராசிரியர் ஒருவர் 1974இல் செய்த அந்தப் பெட்டியை இன்றும் பிள்ளைகள் விநாடி எண்ணிச் சேர்க்கிறார்கள். அதில் பழக ஏதோ இருக்கிறது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகளின் கைப்பையில் இப்போது ஒரு லபூபு பொம்மை பல்லைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. எந்த நிறம் வரும் என்று தெரியாமலே பெட்டியை வாங்க வேண்டுமாம். 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபூபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது, நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல். “பொம்மைக்கா இவ்வளவு?” என்றேன். “பொம்மை இல்ல மாமா, கலெக்டிபிள்” என்றாள். அவள் தன்னுடையதற்குக் கொடுத்த விலையைக் கேட்டேன். சற்று யோசித்து ஒரு தொகை சொன்னாள். நான் அண்ணனிடம் சொன்ன இருநூறு ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் ஸ்பின்னரை இரண்டு வருடம் கழித்து அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார். பேத்திக்குச் செய்த நடைவண்டியின் மூன்று சக்கரங்களிலும் ஓரத்துப் பேரிங்குகள் மூன்றையும் அடித்து இறக்கினார். குழந்தை கைவைத்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது, குழந்தை முகம் குப்புற விழுந்தது. “கடகடன்னு சத்தம் போட்டு மெதுவா போனாத்தாங்க அது நடைவண்டி” என்று அண்ணி சத்தம் போட, மறுநாளே பழைய மரச் சக்கரங்களை மாட்டிவிட்டார். நான்கு பேரிங்குகளும் இப்போது பட்டறையில், போல்ட் நட்டுப் போடும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன.